செய்முறைத் தேர்வு, அருமனை

அங்கே காலை ஒன்பது.
இங்கே போன வாரம்வரை பதினொன்றரை,
இந்த வாரம் பன்னிரண்டரை.
குண்டு விழும் ஊரிலும்
குளிருக்கு முன் மறக்காமல்
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள்.

மார்த்தாண்டம் சந்தையில்
"ஆட்டு இருதயம் ஒண்ணு, கீறல் படாம" என்றேன்.
"கறிக்கா, மருந்துக்கா பிள்ளே?" பீர்கண்ணு கேட்டார்.
பரீட்சைக்கு.
ஈரலையும் சேர்த்துப் பொதிந்து தந்தார்.
பரீட்சைக்குப் போகிறவளிடம் காசு வாங்கக்கூடாதாம்.

ரப்பர் ஷீட் உலரும் கொட்டகையில்தான்
சிக்னல் இரண்டு கோடு நிற்கும்.
கொடியில் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே,
புளித்த பால்வாடையில்,
செங்கல் மேல் சாய்த்த மொபைலுக்குள்
ஒரு பல்கலைக்கழகம் வந்து உட்காருகிறது.

பல்கலைக்கழகம் என்பது
கார்கிவில் நான் இரண்டு வருடம் ஏறிய
மஞ்சள் கட்டடம் இல்லை.
அதன் மூன்றாம் மாடிக்கு இப்போது கூரை கிடையாது.
மேற்கே போய்விட்டது என்கிறார்கள்.
மேற்கே எங்கே?
டீன் ஆபீஸ் ஓர் ஊரில்,
மதிப்பெண்கள் வேறு நாட்டு சர்வரில்,
நூலகம் ஒரு லிங்க்கில்,
உடற்கூறியல்
ஒக்சானா பெத்ரீவ்னாவின் சமையலறையில்.
பிணவறைக்கு லிங்க் இல்லை.
அதனால்தான் ஆடு.

"தாசையன்!"
பட்டியலில் முதலில் நிற்பது அப்பாவின் பெயர்.
வெளியே ரோலர் சுற்றிக்கொண்டிருந்த அப்பா
"ஓ" என்கிறார், தினமும்.
வருகைப் பதிவு எனக்கு விழுகிறது.

"செர்ஹீய்."
மைக் திறக்கவில்லை.
ஆனால் அந்தக் கறுப்புச் சதுரம் ஒருநாளும் தவறுவதில்லை.
அவன் கணக்கில் அவன் அம்மா நுழைந்து
வகுப்பு முடியும்வரை பேசாமல் இருக்கிறாள் என்று
லாகோஸிலிருந்து படிக்கும் சிடி எனக்கு எழுதினான்.
பெயரை நீக்கத் தெரியவில்லை என்கிறார் டீச்சர்.
அவருக்குத் தெரியாத பட்டன் கிடையாது.

இடது கீழறையைத் திறந்தபோது
சைரன்.
மொபைலிலிருந்து கிளம்பி
ஷீட்டுகளில் மோதி
வேலிக்கு அப்பால் போனது.
"ஆம்புலன்ஸா? ஆருக்கு என்னவாக்கும்?"
பக்கத்து வீட்டு ரெத்தினபாய் எட்டிப்பார்த்தாள்.

"இரண்டு சுவர்களுக்கு நடுவில் போகிறேன்.
நீ வெட்டு.
மூவிதழ் வால்வு எந்தப் பக்கம்?"
இருட்டிலிருந்து கேட்டார்.
"வலது."
அதற்குப் பிறகு
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பதினோரு நிமிடம்
இருதயத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தபடி நின்றேன்.
எறும்பு வந்துவிட்டது.
முழங்கைவரை நீர் வடிந்தது.
அப்பா பின்னால் வந்து நின்றார்.
"செத்த சாதனம்தானே மக்களே,
என்னத்துக்கு இந்த முறுக்குப் பிடி?"
பிறகு குனிந்து,
உள்ளே வால்வை இழுத்துக் கட்டியிருக்கும்
வெள்ளை இழைகளைப் பார்த்தார்.
"நம்ம ஒட்டுப்பால் போலல்லியா இருக்கு."

"யார் அது? என்ன சொன்னார்?"
டீச்சரின் குரல் திரும்பியிருந்தது.
மரத்தில் வெட்டின வடுவில்
காய்ந்து இழுபடும் பாலை
அவருடைய மொழியில் எப்படிச் சொல்வது?
பாலின் நரம்பு என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அந்த இழையை அறுத்துவிடாதே. பாஸ்."

இந்த பாஸ் செல்லுமா என்று
டெல்லியில் யாரோ ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
வங்கியில் புரட்டத் தேவையில்லை,
தவணைத் தேதி அவர்களுக்கு மனப்பாடம்.
அம்மா ஈரலுக்கு மிளகு அரைக்கிறாள்.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.
டீச்சரும் போனார்.
திரையில் இரண்டு சதுரம் மிச்சம்,
என்னுடையதும் செர்ஹீயுடையதும்.

என்ன சொல்ல என்று தெரியவில்லை.
என் மியூட்டை எடுத்துவிட்டு
வாளிக்குள் கத்தியைக் கழுவினேன்.
தண்ணீர்ச் சத்தம்
அங்கே போயிருக்கும்.