முப்பத்து நாலு தாள்

பூட்டைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது
மாவு புளித்த வாடை.
ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கிளம்பியவர் இவர்.
அதற்குள் கிண்ணத்தை மறந்தவள் நான்.
அதனால் சண்டையில்லை.

பூலுவபட்டி லைன் வீட்டில் எங்களுடையது நாலாவது.
நாக்பூரிலிருந்து ஒரு பகல், ஓர் இரவு,
அப்புறம் நாலு பையோடு ஒரு ஷேர் ஆட்டோ.
நாச்சம்மாக்கா எட்டிப் பார்த்தாள்:
“வந்துட்டீங்களா அம்மிணி?
ஆத்துத் தண்ணி வந்து பதினோரு நாளாச்சு.
இன்னைக்கு ராத்திரி வுட்டாலும் வுடுவான்.”

மகிழன் தண்ணீர் கேட்டான்,
மாமன் வீட்டுத் தெருவின் பாஷையில்:
“பானி தோ.”
மூன்று வயதுக்கு ஒரு மாதம் போதும்போல.
டிரம்மின் அடியில் நாலு செம்பு கிடந்தது,
அதில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது.
இவர் கேன் வாங்க ஓடினார்.

சஷ்விதா காலண்டர் முன்னால் நின்றாள்.
அது இன்னும் ஏப்ரல் இருபத்தெட்டிலேயே இருந்தது,
மளிகைக் கடைப் பேருக்குக் கீழே
மேஷத்துக்கு லாபம் என்று சொல்லிக்கொண்டு.
“ஒட்டுக்காக் கிழிச்சுப் போடு கண்ணு” என்றேன்.
“ஒட்டுக்காக் கிழிச்சா எப்படி?
நாம ஒவ்வொரு நாளாத்தானே இருந்தோம்?”

ஸ்டூலில் ஏறிக்கொண்டாள்.
ஏப்ரல் இருபத்தெட்டு: ரயிலில் மேல் பெர்த்.
இருபத்தொன்பது: மாமன் ஸ்கூட்டரில் வந்தது, பெட்டி ஏறாதது.
மே மூணு: ஆரஞ்சு பர்பி.
மே ஏழு: கூலருக்குள் தம்பி விரலை விடப் பார்த்து அடி வாங்கியது.
மே எட்டு: மறுபடி ஆரஞ்சு பர்பி.
கிழிந்து விழுந்ததையெல்லாம் தம்பி பொறுக்கி
வாசலில் கிடந்த செருப்புகளுக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

மே பதினாறில் அவள் கை நின்றது.
“அன்னைக்கு என்னம்மா பண்ணுனோம்?”

அன்றைக்கு,
அண்ணன் சொல்லி வைத்திருந்த கம்பெனியில்
உங்கப்பாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.
இந்தி தெரியாத கட்டிங் மாஸ்டருக்கு
அங்கே மேஜை இல்லை.
வெயிலில் நடந்தே வந்து
பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.
வாளி நிறைந்து வழிகிற சத்தம்
நெடுநேரம் கேட்டது.
தண்ணீர் வீணாவதைப் பற்றி
அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“தூங்குனோம் கண்ணு.”
“நாள் பூராவுமா?”
“செம வெயில்ல அன்னைக்கு.”
நம்பாமல் கிழித்தாள்.

மூன்று மாதம் கம்பெனி பூட்டிக் கிடந்ததைப்
பிள்ளைகளிடம் லீவு என்றுதான் சொல்லியிருந்தோம்.
போன வாரம் சூப்பர்வைசர் போன் செய்தான்,
ஆர்டர் வந்துருச்சு, திங்கக்கிழமை வந்துருங்கண்ணா என்று.
லீவு முடிஞ்சுது என்றோம்.
அந்தப் பாதியில் பொய்யில்லை.

ரவையில் வண்டு. சலித்து உப்புமா கிண்டினேன்.
நாளைக்குப் பள்ளிக்கூடம்:
பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது.
மடிப்பைப் பிரித்தால் ஒரு விரல் துணி தேறும்.
பிரித்துக்கொண்டிருக்கும்போது
கதவோரம் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான் மகிழன்.
“நம்ம ஊட்டுக்குப் போலாம்மா.”
இதுதான்டா நம்ம ஊடு.
சுற்றிலும் பார்த்தான். ஒப்புக்கொள்ளவில்லை.
சுவரில் அவனே கிறுக்கிய யானையைக் காட்டினேன்.
“யாரு செவுத்துல கிறுக்குனது?”
என்னை அதட்டினான்.
அழுது, அரட்டி, அப்படியே என் மடியில்
ஊசியும் நூலும் கிடக்கிற மடியில்
தூங்கிப்போனான்.

ரெண்டேகால் மணிக்குக் குழாய்
முதலில் வெறும் காற்றாக இருமியது.
லைன் முழுக்க விளக்குப் போடாமலே ஆட்கள் எழுந்தார்கள்.
குடத்தோடு குடம் மோதும் சத்தம்.
ஒருவரையொருவர் எழுப்பாமல் நாங்களும் எழுந்தோம்.
வாளி விளிம்பு தொடுமுன் இவர் அதை நகர்த்தினார்,
அடுத்ததை வைத்தார், அதையும் நகர்த்தினார்.
பேசவில்லை.
டிரம்முக்கு நான் சுமக்கச் சுமக்க
செருப்புக்குள் ஏதோ உறுத்துகிறதென்று
காலை உதறி ஒரு தாளை எடுத்தார்.
எந்தத் தேதி என்று இருட்டில் தெரியவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
“சித்த சீக்கிரம் கொண்டா” என்று
காலிக் குடத்துக்குக் கை நீட்டினார்.