புதன்கிழமையின் விலை

முந்நூற்று எண்பத்தைந்து பிராங்.
ஒரு புதன்கிழமைக்கு நான் போட்ட கணக்கு அது:
வாடகையில் ஒரு பங்கு, காப்புறுதி, ரயில் அட்டை,
மத்தியானச் சாப்பாடு, ஒரு கோப்பி,
மகனின் பல்லுக்குக் கட்டிய கம்பி.

நான்கு மாடிப் படிக்கட்டைத் துடைத்தால் நாற்பத்தெட்டு.
சம்பளம், சோப்பு, வானுக்குப் பெற்றோல்,
ஆ, ஹா, ஃபௌ என்று
சிரிப்பதுபோல் பெயர் வைத்துக்கொண்டு
சிரிக்காமல் வாங்கிப்போகும் ஓய்வூதியப் பணம்,
எல்லாம் போகக் கையில் நிற்பது பதினொன்று.
ஆக,
முப்பத்தைந்து படிக்கட்டு ஒரு புதன்.

அப்படித்தான் தொடங்கியது கம்பனி,
பூர்க்டோர்ஃபில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
வாடகைக்கு எடுத்த ஒரு கார் தரிப்பிடத்தில்.
வானின் கதவில் என் பெயர், பாமதி.
முதல் எழுத்தை யார் எப்படிக் கடித்தாலும்
பில் சரியான விலாசத்துக்கு வந்தது.

கணக்காளர் லூத்தி கேட்டார்:
அடுத்த வருட இலக்கு?
புதன், என்றேன்.
எழுதப் போனவர் பேனையைத் தூக்கிவிட்டார்.

மூன்றாம் வருடம் வாங்கினேன்.
முதல் புதன் பதினொரு மணிவரை நித்திரை.
இரண்டாவதில் ஜன்னல் சீலைகளைத் தோய்த்தேன்.
மூன்றாவதில் மேசையில் ஃபோனை வைத்து
யாராவது முறைப்பாடு சொல்லமாட்டார்களா என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
விலை தெரிந்திருந்தது.
வாங்கியதைப் பிரிக்கத்தான் தெரியவில்லை.

நான்காம் புதன் மழை. ஒதுங்கிய கட்டடம் நீதிமன்றம்.
வாசலில் காவலர்: துடைக்க வந்தீர்களா?
இல்லை, இருக்க வந்தேன்.
யாரும் இருக்கலாமாம், சட்டம் அப்படி.

பின்வரிசையில் இருந்தேன்.
இரண்டு விவசாயிகள், ஒரு வேலி.
அரை மீற்றர் நிலத்துக்கு ஆறு வருடக் கோபம்.
பத்தொன்பது வருடத்துக்கு முன் பேர்னில்
ஒரு மேசைக்கு முன்னால்
எந்தத் திகதியில் பாலத்தைக் கடந்தீர்கள் என்று
மூன்று தடவை கேட்கப்பட்டவள் நான்.
இங்கே என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு வழக்கில்லை, சாட்சியில்லை, திகதியில்லை.
அந்த ருசிக்கு
அடுத்த புதனும் போனேன். அதற்கடுத்ததும்.

நவம்பரில் அஸ்மெரெத் வந்து நின்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.
புதன் மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விடுகிறது,
பிள்ளை தனிய.
எனக்கும் புதன் வேண்டும், என்றாள்.

என் முப்பத்தைந்தில் பன்னிரண்டு அவளுடைய முழங்கால்.
அதை நான் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

வேறு ஆள் பிடியுங்கள், கிடைப்பார்கள், என்றார் லூத்தி.
கிடைப்பார்கள்தான்.
பத்தொன்பது வருடத்துக்கு முன்
நானும் அப்படிக் கிடைத்தவள்.

படிக்கட்டுக்கு மூன்று பிராங் கூட்டிக் கடிதம் போட்டேன்.
இரண்டு வீட்டுக்காரர் போய்விட்டார்கள்.
சிலர் செவ்வாய்க்கு மாறினார்கள்.
ஒருவர், ஏன் என்று காரணம் கேட்டு
இரண்டு பக்கம் எழுதியிருந்தார்;
இன்னும் பதில் போடவில்லை.
யாரோடும் பொருந்தாமல் மிஞ்சியது
நான்கு கட்டடம், புதன் பின்னேரம்.
அவை எனக்கு.

இப்போது காலையில் பின்வரிசை.
பன்னிரண்டுக்கு எழும்புகிறேன்.
தீர்ப்பு பின்னேரம்தானே, இருக்கமாட்டீர்களா?
காவலருக்கு இப்போது என்னைத் தெரியும்.
படிக்கட்டு இருக்கு, என்கிறேன்.

லூத்தி புதுத் தாளை எடுத்தார். இலக்கு?
மற்றப் பாதி, என்றேன்.
இந்தமுறை எழுதிக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் வாளியை வைத்து
முதுகை நிமிர்த்தும்போது
சிலவேளை நினைப்பு வரும்:
அந்த வேலி கடைசியில்
யார் பக்கம் போனதோ.