நடுப்படம்

சர்வர் படுத்துவிட்டது.
வருமானச் சான்றுக்கு வந்த ஏழு பேரும்
குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு
பெஞ்சில் இருக்கிறார்கள்.
மன்னவனூரில் இணையம் என்பது
கவுஞ்சிப் பக்கம் மேகம் விலகுவதைப் பொறுத்தது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கோப்பைத் திறப்பேன்.
ஒரே காட்சி, பக்கத்தில் பக்கத்தில்.
"என்னம்மா, ஒண்ணையே ரெண்டு தடவை ஒட்டியிருக்கே?"
ஒன்றல்ல.
இடது காலில் நின்று ஒன்று.
வலது காலுக்கு உடம்பை மாற்றி இன்னொன்று.
மூக்கின் அகலம்தான்
இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்.

மானிட்டருக்கு முன்னால் பேனாவை நீட்டுவேன்.
முனையைப் பாருங்க, படத்தைப் பார்க்காதீங்க.
இரண்டு மூன்றாகும்.
நடுவில் வருவது திரையில் இல்லாதது.
அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க,
பேனாவை எடுத்துடுறேன்.

ஆறு பேருக்கு மாறுகண்.
அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வி.ஏ.ஓ.
செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார்.

பவுன்தாய்க்குத்தான் முதலில் கிடைத்தது.
"ஐயோ, வேலி முன்னால வருது!"
நீட்டிய விரல் கண்ணாடியில் முட்டியது.
அவள் பூண்டுப் பாத்திதான் அது,
தினமும் குனிகிற இடம்.
ஏதோ வெளிநாடு என்றாள்.

தூரத்து மலைக்கு மூக்கின் அகலம் போதாது.
மசியாது, அட்டையாகவே நிற்கும்.
இருபது எட்டு நடக்க வேண்டும்.
ஒரு கண் இங்கே,
ஒரு கண் ரேஷன் கடைத் திருப்பத்தில்.
அவ்வளவு பெரிய முகத்தால் பார்த்தால்
மலை சிறுத்துப்போகும்,
மேசைமேல் வைத்த பொம்மைபோல்,
மடிப்பு மடிப்பாக.

ஆனால் இருபது எட்டுக்குள்
மாடு திரும்பிவிடுகிறது.
விறகுக்கட்டோடு ஒருத்தி
இடப்படத்தில் இல்லை,
வலப்படத்தில் இருக்கிறாள்.
நடுப்படத்தில்
இருப்பதா வேண்டாமா என்று நடுங்குகிறாள்.

வேலப்பன் எப்போதும் பெஞ்சின் ஓரம்.
"அருமை, அருமை" என்பார்,
மற்றவர்களுக்கு அரை நொடி பின்னால்.
ஒரு இமை பாதி இறங்கியிருக்கும்.
குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஆதார் முகாம்.
கருவி இரண்டு விழி கேட்டது.
வலது பதிந்தது, பச்சை.
இடது சிவப்பு.
துடைத்துவிட்டு மறுபடியும் சிவப்பு.
"சீகை மரம் வெட்டுறப்ப சிராய் தெறிச்சது.
பத்து வயசுல."
அப்போ அந்தப் படமெல்லாம்?
"நல்லாத்தானே இருக்கு,
ரெண்டு படமும்."

அன்று கடையைப் பூட்ட எட்டரை ஆகிவிட்டது.
பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல்
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.
எதிர்மலை உச்சியை மட்டும்
ஆணியடித்ததுபோல் பொருத்தினேன்.
நொடிக்கு நாலு முறை
இடது வலது இடது வலது.
உச்சி அசையவில்லை.
அதன் கீழே காடு லேசாக,
பாத்திகள் இன்னும் கொஞ்சம்,
கிட்டத்து மரம் பேய் பிடித்ததுபோல்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.
இருந்தது.
பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

மறுநாள் சர்வர் ஓடியது.
வரிசை வாசலைத் தாண்டியது.
இருந்தும் வேலப்பனைத்தான் கூப்பிட்டேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "நான் இப்படித்தான்மா பார்ப்பேன்.
டீ கிளாசை எடுக்கறதுக்கு முன்னால,
படியில காலை வைக்கறதுக்கு முன்னால,
தலையைக் கொஞ்சம் ஆட்டிக்குவேன்.
உங்க கம்ப்யூட்டருக்கும்
ஒத்தைக்கண்ணா?"

விறகுக்காரி வந்தாள், போனாள்,
வந்தாள், போனாள்.
"இந்தம்மா எப்ப வீடு போய்ச் சேரும்?"
நிறுத்திடுறேன் என்று மவுஸைத் தொட்டேன்.
"எதுல நிறுத்துவே?" என்றார்.
"இருக்கறதுலயா, இல்லாததுலயா?"

பின்னால் யாரோ
சாதிச் சான்றுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள்.
அறுபது என்றேன்,
விரலை எடுக்காமல்.