மண்டபம், மூன்றாவது ஷெட்

வேனில் நின்று வேட்பாளர் சொன்னார்:
"நான் அரசியல்வாதி இல்லை, தொழில் நடத்தியவன்.
நானூறு பேருக்குச் சம்பளம் போட்டவன்.
இங்கிருந்து ஒரு வேலைகூட வெளியே போகாது."
ஸ்பீக்கர் கரகரத்தது. உப்புக்காற்று.

நானூறில் ஒருத்தி நான்.
நண்டு உடைத்துச் சதை எடுப்பவள்,
கிலோவுக்கு இத்தனை என்று. ஓட்டுத் துணுக்கு கிடந்தால்
கூலியில் பிடித்தம்.

தை மாதம் ஒருவன் கேமராவோடு வந்தான்.
முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றான்.
மெதுவாக்கா, இன்னொரு தடவை.
கால் மூட்டில் கத்தி நுழையும் இடத்தைப்
பதினோரு தடவை காட்டினேன். டீ வாங்கித் தந்தான்.

மாசியில் மேஜைகளைக் கழுவச் சொன்னார்கள்,
ஐஸ் மெஷினைத் துடைக்கச் சொன்னார்கள்.
பெட்டியில் ஒட்டிய ஊர்ப்பெயரைச்
செய்யதலி பாத்திமா எழுத்துக்கூட்டினாள்: வியட்நாம்.
"உன் கை கப்பல் ஏறிருச்சுடி."
நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

அங்கே யாரோ ஒருத்தி
என் கையைப் பார்த்துக் கத்தி பிடிக்கிறாள்.
அவளுக்குக் கூலி குறைவா, கூடவா?
யாரிடம் கேட்க.

வேட்பாளர் இறங்கி வந்து கும்பிட்டார்.
"கையில் என்னம்மா காயம்?"
நண்டு ஓடு, என்றேன்.
"எந்தக் கம்பெனி?"
ஷெட் சுவரில் பாதி உரிந்த பெயரைக் காட்டினேன்.
அவர் பெயர்தான்.
அதன்மேல் அவர் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்,
பசை சொட்டச் சொட்ட.