ஒன்றரை நாள்

திரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவைப்பார்கள், பிடித்து நடக்க.
அப்படியொரு காலையில்
கோட்டுக்குள் பூனைக்குட்டியைப் போலப் பொத்தி
ஃபுல்வியோ ஸ்தெபான்சிச் கொண்டுவந்தார்
இந்தப் புத்தகத்தை.

பாசலில் அச்சானது. விரித்த கையைவிடச் சற்றுப் பெரிது.
பண்டைய கடலோடிகள் ஐந்து பேர், ஒரே தோல் அட்டைக்குள்;
உயிரோடிருந்தால் ஒரே படகில் ஏறியிருக்கமாட்டார்கள்.
ஒருவன் கரையை நாட்களால் அளக்கிறான்,
ஒருவன் ஓட்டப்பந்தயத் திடல்களால்.
இன்னொருவனுக்கு அளவே கிடையாது:
அப்புறம் ஒரு முனை, அப்புறம் நல்ல தண்ணீர்,
அப்புறம் நம்மைக் கண்டால் ஓடிவிடுகிறவர்கள்.

"உலகத்தில் பதினொரு பிரதிதான்" என்றார் ஸ்தெபான்சிச்.
"வசந்தத்தில் மிலானில் ஏலம். ஓரம் வெள்ளையாக இருந்தால்
விலை இரட்டிப்பாம். கழுவிக் கொடுங்கள்."

கழுவுவது என் தொழில்.
தையலைப் பிரித்து, தாள் தாளாக
வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடுவேன்.
ஐந்நூறு வருட அழுக்கு தேநீர் நிறத்தில் இறங்கும்.
கந்தலில் செய்த தாள். யாரோ ஒருத்தியின் உள்பாவாடை,
எங்கோ கிழிந்த கப்பல்பாய்;
நனைந்ததும் பழைய புத்தி வந்து
துணியாகவே கிடக்கும்.

புழு போன வழியை முதலில் பார்த்தேன்.
மேற்கே ஹெர்குலிஸ் தூண்களுக்குப் பக்கத்தில் நுழைந்து,
கார்த்தேஜை ஒரு எழுத்தின் வயிற்றோடு துளைத்து,
நைலை நனையாமல் தாண்டி,
செங்கடலில் கொஞ்சம் வளைந்து
(பசை அங்கே ருசித்திருக்கும்)
மிளகுக் கரைக்கு இரண்டு பக்கம் இருக்கும்போது
நின்றுவிட்டது.
ஐவரில் ஒருவரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

முகப்பில் தணிக்கைத் துறவியின் மை.
பதிப்பித்தவர் தப்பான சபையைச் சேர்ந்தவர் என்று
அவர் பெயரை மட்டும் அடித்திருக்கிறார்.
நாய்த்தலை மனிதர்களை விட்டுவிட்டார்;
அவர்கள்மேல் புகார் வரவில்லை போலும்.
அந்த மை தாளை அரித்து அரித்துப்
பெயர் இருந்த இடம் இப்போது ஓட்டை.
அடுத்த தாளின் சொல் ஒன்று அதன் வழியே
எட்டிப் பார்க்கிறது: துறைமுகம்.

நாற்பத்திரண்டாம் தாளின் ஓரத்தில்
விளாஹோ வந்தான்.
பெயரும் பிழைப்பும் கடைசி அட்டையில் எழுதியிருக்கிறான்:
ரகூசாக்காரன், உப்புக் கப்பலில் கணக்கு.
தீவிலிருந்து முனைக்கு மூன்று நாள் என்கிறது அச்சு.
எதிரே அவன் கை:

பொய். தெற்குக் காற்றில் ஒன்றரை நாள்.
போயிருக்கிறேன்.

ஒருவரைப் பார்த்து ஒருவர்
ஆயிரம் ஆண்டு பிரதியெடுத்த வாக்கியத்தை
ஒரு கணக்கன் நடுக்கடலில் நிறுத்தி விசாரித்திருக்கிறான்.
'பொய்'யைச் சுற்றி மூன்று மைத்துளிகள்.
கோபமோ, அலையோ.

பஞ்சில் ஒரு சொட்டு நீர் தொட்டு
வரியின் நுனியில் வைத்தேன், வழக்கமான சோதனை.
மலிவான மை. உடனே கசிந்தது.
போகும். வெகு சுலபமாகப் போகும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குப்பைத்தொட்டி
சாலையைக் குறுக்கே கடந்து
கடலைப் பார்த்து உருண்டது.

அறிக்கையில் எழுதினேன்:
தாள் 42, ஓரக் குறிப்பு. அகற்ற இயலாது.
முப்பது வருடத்தில் நான் கொடுத்த முதல் பொய் அறிக்கை.
இல்லை, இரண்டாவது.
முதலாவதில் பணம் கிடைத்தது.

ஸ்தெபான்சிச் உதட்டைப் பிதுக்கினார்.
"படித்தவர்கள் ஏன் புத்தகத்தில் கிறுக்குகிறார்கள்?" என்றார்.
கயிற்றைப் பிடித்தபடி, கோட்டு உப்ப,
பக்கவாட்டில் நடந்து போனார்.

பஞ்சு இழுப்பறையில் இருக்கிறது,
நகத்தளவு பழுப்போடு.
'போயிருக்கிறேன்' என்பதன் கடைசி எழுத்து.
அது மட்டும் மிலானுக்குப் போகவில்லை.