பத்திரம்

மூன்று பேருக்கும் நான்தான் வரிக்கணக்கு எழுதுகிறேன்,
துலூத் நகரத்தில், பிப்ரவரியில்,
ஏரி உறைந்து எழுதாத தாளாகக் கிடக்கும்போது.

இரும்புத்தாது ஏற்றும் துறையில் அவர்கள் அப்பா செத்ததற்கு
இன்சூரன்ஸ்காரன் தந்தது, எண்பத்தொன்றில்,
தலைக்குப் பதினாலாயிரம் டாலர்.

அர்வோ பத்திரம் வாங்கினான்.
நகராட்சியின் குடிநீர்க் குழாய்ப் பத்திரம்,
இருபது வருடம், ஒன்பதரை வட்டி.
தாளின் ஓரத்தில் தபால்தலைகள் போல வட்டிச்சீட்டுகள்.
ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று
கத்தரித்து வங்கிக்குக் கொண்டுபோவான்.
"என் சொத்துக்குக் கூரை கிடையாது,
அதனால் ஒழுகாது" என்பான்.

இர்யாவும் பத்திரம்தான் வாங்கினாள்,
வீட்டுப் பத்திரம்.
செங்குத்துச் சரிவில், மேலும் கீழுமாய் இரண்டு குடித்தனம்.
முன்பணம் போக மீதி முப்பது வருடக் கடன்;
அந்த வருடத்து வட்டி, சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினாறு.
முதல் குளிரில் சுவர் விரிந்தது.
இரண்டாம் குளிரில் மேலே இருந்தவன்
மூன்று மாத வாடகையோடு சொல்லாமல் போனான்,
கதவுப் பிடிகளையும் கழற்றிக்கொண்டு.
"இருந்தாலும் மண் இருக்கிறது" என்றாள்.
"தாளின்மேல் நின்று பனி தள்ள முடியுமா உன்னால்?"
"அதற்காகத்தானே தாள் வாங்கினேன்" என்றான்.

ரெய்னோ இரண்டும் வேண்டாமென்று
மீன் புகைபோடும் ஹால்வர் தங்க்வாலுக்குக்
கைமாற்றாகக் கொடுத்தான்.
எழுத்து இல்லை, சாட்சி இல்லை.
வட்டி மீனாக வந்தது, ஏழு வருடம்.
பிறகு கடை எரிந்தது.
ஹால்வரைப் புதைத்த அன்று ரெய்னோதான் அதிகம் அழுதான்.
அசலுக்காக என்று சிலர் சொன்னார்கள்.

காலியான மேல்மாடிக்கு எண்பத்துநாலில்
குடிவந்தது யாரென்று நினைக்கிறீர்கள்?
அர்வோ.
வாடகை முன்னூற்றுப் பத்து,
அண்ணன் என்று ஒரு காசு குறைக்கவில்லை.

அந்த வருடக் கணக்கை முடிக்கும்போது
பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.
அர்வோ சீட்டை வெட்டுகிறான். அந்தப் பணம்
படியிறங்கிப் போய் நாலு மாத வாடகையாகிறது.
இர்யா அதை வீட்டுவரியாகக் கட்டுகிறாள்.
நகராட்சி அதை எடுத்து
அர்வோவின் அடுத்த சீட்டுக்குக் கொடுக்கிறது.
அந்தக் குழாயோ
அவள் வாசலுக்கு அடியில்தான் ஓடுகிறது.
பதினேழு வருடம்
ஒரே டாலர் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியது.

இருவரிடமும் சொன்னேன்.
"அப்படியென்றால் நான் சொன்னதுதான் சரி"
என்றார்கள் இருவரும்.

இரண்டாயிரத்தொன்று, ஜனவரி. பத்திரம் முதிர்ந்தது.
அர்வோவும்தான்.
முதல் முழுசாகக் கைக்கு வந்தது, ஒரு டாலர் குறையாமல்.
வாங்கியபோது அது வீட்டில் மூன்றிலொரு பங்கு.
இப்போது ஒரு கூரை.
புதுப் பத்திரங்கள் ஐந்துகூடத் தராதாம்; முகம் சுளித்தான்.

அதே மாதம், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்றில்,
பாய்லர் நின்றது. குழாய்கள் வெடித்தன.
அர்வோவின் கட்டிலுக்கடியில் ஐஸ்.
வங்கி இர்யாவிடம் ஒன்பது கேட்டது.
கோட்டைக் கழற்றாமல் சமையல் மேசையில் அண்ணனும் தங்கையும்
விடிய விடியப் பேரம்:
அவன் எட்டு, அவள் ஆறு,
காபி தீர்ந்தபின் ஆறேமுக்கால்.
வீட்டின்மேல் அடமானம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தட்டச்சு செய்த தாளின் ஓரத்தில்
அளவுகோல் வைத்துச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டாள் இர்யா,
அவன் வெட்டுவதற்கு.

இப்போதும் ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று,
கத்தரிக்கோலோடு வெளிப்படியில் இறங்குகிறான்.
ஜனவரியில் படி முழுக்கப் பனி, கண்ணாடி மாதிரி.
"பத்திரம், பத்திரம்!" என்று கீழிருந்து கத்துகிறாள்.
எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ரெய்னோவுக்கு இந்த வருடம்
ஹால்வரின் மகள் ஒரு பெட்டி புகைமீன் அனுப்பியிருக்கிறாள்.
சீட்டு ஏதும் வைக்கவில்லை.
வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா?
விரலெல்லாம் மீன் வாசனையோடு
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.