ஈரப்பதம்

கலைக்கோவனை ஏற்றிவந்த ராணுவ வண்டி
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
இருபத்தைந்து நிமிடம் நின்றது.
மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
எப்போதும் ஹாரனிலேயே கை வைத்திருக்கும் மினிபஸ்காரன்கூட
அன்று அடிக்கவில்லை என்றார்கள்.
நான் அங்கே இல்லை.
கொள்முதல் நிலையத்தில்
யார் யார் நெல்லையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மூன்று நாள் முன்புதான்
அவன் அப்பா வைரக்கண்ணுவின் குவியலில்
முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளி
மெஷினில் போட்டேன்.
இருபத்தொன்று.
"பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க.
காயவெச்சுக் கொண்டாங்க."
நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வார்த்தை.
போனைக் காதில் வைத்தபடி நகர்ந்தார்.
புரட்டிப்போடுகிற கூலிக்கு
மகனிடம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது,
எனக்கே கேட்டது.

பதினோராம் நாள் துக்கம் கேட்கப் போனேன்.
வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தை
வாசலில் செருப்போடு கழன்றுவிட்டது.
தெருமுனைத் தட்டிகளில்
அவன் படத்தைவிட
வைத்தவர்கள் படம் பெரிசு.
நாட்டுக்காக, நாட்டுக்காக என்று
எல்லோரும் சொல்லித் தீர்த்திருந்தார்கள்.

செந்தாமரையக்கா சுவரோடு சுவராக.
சூரியகலா,
மடித்துக் கொடுத்த கொடியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பீரோவைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்து
அவன் கல்யாண வேட்டிக்கு மேல் வைத்தாள்.
சாவி திரும்பவில்லை.
எழுந்து திருகிக் கொடுக்கலாமா என்று
யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீட்டிய கையைத் தொட்டு விட்டுவிடுவதுதான் வழக்கம்.
வைரக்கண்ணு விடவில்லை.
"நம்ம நெல்லு?" என்றார்.

சொன்னேன்.
நடுவில் ஒருநாள் மழை பிடித்தது,
வரிசையில் கிடந்தவர்கள் தங்கள் தார்ப்பாயை உருவி
உங்கள் குவியலைத்தான் முதலில் மூடினார்கள்.
பகலில் கோரையாற்றுப் பாலத்துப் பிள்ளைகள்
காலாலேயே கிண்டிக் காயவைக்கிறார்கள்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"பதினேழுதாங்க. நாளைக்கே எடைபோட்டுடலாம்."

என் முகத்தையே பார்த்தார்.

"பத்து நாளா வர்றவங்க எல்லாம்
வலியே தெரிஞ்சிருக்காதுங்கிறாங்க தம்பி.
கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்குமாம்.
கூட இருந்து பார்த்த மாதிரி.
நீங்களாச்சும் உள்ளதைச் சொல்லுங்க."

"பத்தொன்பது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையை விட்டார்.
தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு
சூரியகலா பக்கம் திரும்பாமல்
குலுங்கினார்.

வருகிறேன் என்று சொல்லக்கூடாத வீடு.
சொல்லாமல் இறங்கினேன்.

மதகடியில் வண்டியை நிறுத்திச்
சட்டைப்பையில் கை விட்டேன்.
காலையில் அவர் குவியலில் எடுத்தது
நாலைந்து மணி கிடந்தது.
மெஷின் வருவதற்கு முன்
வாயில் போட்டுத்தான் பார்ப்பார்கள்.
ஒன்றைக் கடித்தேன்.
நறுக்கென்று உடையவில்லை.